நிலாவரையில் போட்ட தேசிக்காய்

அம்மம்மாவின் அந்தியேட்டி முடிந்து இரண்டாம் நாள் அம்மா அவவின் அலுமாரியைத் திறந்தா. சேலைகளை மாமிமாருக்கும் சித்திக்கும் பிரித்துக் கொடுத்தாச்சு. தேவாரப் புத்தகம் எனக்கு. எல்லாம் முடிய, மேல்தட்டில் ஒரு சொப்பிங் பை கிடந்தது. தூக்கினால் கனம். உள்ளே முழுக்க மருந்து.

கிளினிக்கில் மாதாமாதம் கொடுக்கிற சின்னக் கடதாசிக் கவர்கள். "காலை 1, இரவு 1" என்று பேனையால் எழுதினது அப்படியே இருந்தது. சீனி வருத்தத்துக்கு மெற்ஃபோமின். பிறஷருக்கு லொசாட்டன். கொலஸ்ரோலுக்கு இன்னொன்று. முழங்கால் நோவுக்குத் தனியாரிடம் காட்டி வாங்கின டைக்ளோஃபெனாக் அட்டைகள். இருமலுக்குத் தந்து, மூன்று நாளில் சுகம் வந்ததும் நிற்பாட்டின அமொக்சிசிலின் அரைவாசி. டொக்டர் மருந்தை மாற்றும்போதெல்லாம் பழையதை எறிய மனம் வராமல் சேர்த்து வைத்திருக்கிறா. பாதிக்கு மேல் திகதி முடிந்தவை.

அக்காவின் மகனுக்கு ஏழு மாதம், தவழத் தொடங்கிவிட்டான். கையில் அகப்படுவதெல்லாம் வாய்க்குள். "இத முதல்ல வீட்ட விட்டு எடு பிள்ள" என்று சொல்லி அம்மா பையை என்னிடம் தந்தா.

அதை எங்கே கொண்டுபோவது என்று நாலு பேரிடம் கேட்டேன்.

மருந்துக்கடைக்காரர் சொன்னார்: "குடுத்த மருந்தத் திருப்பி எடுக்கிறேல்ல தங்கச்சி." ஆஸ்பத்திரியில் மருந்து குடுக்கிற இடத்தில் நின்றவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்டிலயே எரிச்சு விடுங்கோவன்" என்றார். குப்பை வண்டியில் வந்த அண்ணா, "மருந்துச் சாமான் எங்களிட்டத் தராதேங்கோ, கையில கண்ணாடி கிண்ணாடி வெட்டினாப் பிறகு ஆர் பாக்கிறது" என்றார். பக்கத்து வீட்டு அன்ரிதான் சுலபமான வழி சொன்னா: "கக்கூசுக்குள்ள கொட்டி இரண்டு வாளி தண்ணி ஊத்திவிடு, சரி."

நாலு பேரும் நல்ல மனிசர்தான். ஒருவரும் என்னை ஏசவில்லை. ஆனால் ஒருவருக்கும் பதில் தெரியாது, ஏனென்றால் அப்படி ஒரு பதிலை யாரும் இங்கே ஏற்பாடு செய்து வைக்கவில்லை. மருந்து எங்கள் கைக்கு வருவதற்கு இறக்குமதி, பதிவு, களஞ்சியம், மருந்தாளர், சிட்டை என்று எத்தனையோ படி இருக்கிறது. எங்கள் கையை விட்டுப் போவதற்கு ஒரு படிகூட இல்லை. இந்தக் கட்டுரை அந்த இல்லாத படியைப் பற்றியது.

அன்ரி சொன்ன வழியை ஏன் எடுக்கவில்லை என்பதற்குக் காரணம் எங்கள் வளவுக்குள்ளேயே இருக்கிறது. நான் கலைப்பீடத்தில் புவியியல் படிக்கிறேன். முதலாம் வருட ஒப்படை ஒன்றுக்காக வீட்டுக் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையிலான தூரத்தை ரேப் பிடித்து அளந்தேன். எங்கள் குழி 44 அடியில். பக்கத்து வீட்டுக் குழி எங்கள் கிணற்றிலிருந்து 27 அடியில், மதிலுக்கு அந்தப் பக்கம். பொதுவாகச் சொல்லப்படுகிற கணக்கு 50 அடி. இரண்டு பரப்புக் காணிக்குள் வீடும் கிணறும் குழியும் வரவேண்டும் என்றால் அந்தக் கணக்கு எங்கே சரிவரும்? அன்ரியில் பிழை சொல்ல ஏலாது. காணி அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல்லோருக்கும் நிலாவரைக் கதை தெரிந்திருக்கும். புத்தூரில் இருக்கிற நிலாவரைக் கிணற்றில் ஒரு தேசிக்காயைப் போட்டால் அது கீரிமலைக் கேணியில் வந்து மிதக்குமாம். சின்ன வயதில் அதை நம்பினேன். பிறகு சிரித்தேன். பல்கலைக்கழகத்துக்கு வந்து சுண்ணாம்புக்கல் பற்றிப் படித்த பிறகு சிரிக்கிறதை விட்டுவிட்டேன். தேசிக்காய் போகுமோ தெரியாது, தண்ணீர் போகும். குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து வெடிப்பும் குகையுமாக ஆக்கி வைத்திருக்கிறது. மணலுக்குள்ளால் தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கும்போது கொஞ்சமாவது வடிகட்டப்படும். வெடிப்புக்குள்ளால் ஓடும்போது அந்த வசதி இல்லை. நிலத்தில் எதை ஊற்றினாலும் அது வேகமாகக் கீழே போகும், பக்கத்துக் கிணற்றுக்கும் போகும். எங்களுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை நிலத்துக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கிறது. குடிப்பதும் குளிப்பதும் வெங்காயத்துக்கு இறைப்பதும் அந்தப் படையைத்தான். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டாலும் எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் கிணறுதான்.

இப்போது அந்தப் பைக்குள் இருக்கிற மெற்ஃபோமினை எடுப்போம். உடம்பு அதை உடைப்பதில்லை. போட்ட குளிசை வேலையைச் செய்துவிட்டு, பெரும்பாலும் அப்படியே சிறுநீரோடு வெளியே வந்துவிடும். அதாவது அம்மம்மா ஒழுங்காகக் குடித்த குளிசையும் கடைசியில் குழிக்குள்தான் போயிருக்கிறது. 2022இல் உலகம் முழுக்க 104 நாடுகளில் 258 ஆறுகளில் எடுத்த தண்ணீரைச் சோதித்து ஓர் ஆய்வு வெளிவந்தது. சோதித்த இடங்களில் பாதிக்கு மேல் மூன்று பொருட்கள் இருந்தன: வலிப்புக்குக் கொடுக்கிற காபமசெபின், சீனி வருத்தத்துக்கான மெற்ஃபோமின், கோப்பியில் இருக்கிற கஃபீன். உலகத்தின் நோயெல்லாம் ஆறுகளில் எழுதிக் கிடக்கிறது என்றுதான் அதைப் படித்தபோது தோன்றியது.

இப்படிப்பட்டவற்றுக்கு "புதிதாக அறியப்படும் மாசுகள்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மருந்து மிச்சம், நுண்பிளாஸ்டிக், ஒட்டாத சட்டியிலும் தீயணைப்பு நுரையிலும் வருகிற ஃபுளோரின் சேர்வைகள், அழகுசாதனப் பொருட்களில் இருக்கிற இரசாயனங்கள் எல்லாம் அந்தக் கூட்டத்துக்குள் வரும். எனக்கு அந்தப் பெயரில் ஒரு மனக்குறை. மெற்ஃபோமின் பல பத்தாண்டுகளாகப் பாவனையில் இருக்கிறது. தண்ணீருக்கு அது புதிதில்லை. பட்டியலுக்குத்தான் புதிது. பட்டியலில் பெயர் வரும்வரை அதை யாரும் அளக்கத் தேவையில்லை, அளக்காதவரை அது இல்லை. கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தால் வருகிற அறிக்கையில் அமிலத்தன்மை, உப்பு, கல்சியம், நைத்திரேற்று, கிருமி என்று வரிசையாக இருக்கும். மருந்துக்கு என்று ஒரு வரி கிடையாது. "தண்ணி நல்லம்" என்று அதில் எழுதியிருந்தால், பட்டியலில் உள்ளவற்றுக்கு நல்லம் என்றுதான் அர்த்தம்.

பட்டியலுக்கு வெளியே இருந்ததால் என்ன நடந்தது என்பதற்கு இந்தப் பிராந்தியத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அம்மம்மாவின் முழங்காலுக்குத் தந்த அதே டைக்ளோஃபெனாக். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் அதை மாடுகளுக்கும் கொடுத்தார்கள். மாடு செத்தால் பிணந்தின்னிக் கழுகுகள் தின்னும். 1990களில் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. வைரசா, பூச்சிமருந்தா என்று வருடக்கணக்காகத் தேடினார்கள். பாகிஸ்தானில் செத்த கழுகுகளின் சிறுநீரகங்களைப் பரிசோதித்த பிறகு, இந்த நோமருந்துதான் காரணம் என்று 2004இல் உறுதியானது. 2006இல் இந்தியாவும் பாகிஸ்தானும் நேபாளமும் கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தன. அதற்குள் இந்தியாவில் வெண்முதுகுக் கழுகு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துவிட்டது. ஒரு சாதாரண நோக்குளிசை இப்படிச் செய்யும் என்று யார் நினைத்தார்கள்? மெலொக்சிகாம் என்ற மாற்று மருந்து இருந்தது. கழுகுக்கு ஆபத்தில்லாத மருந்து. மாற்று கையில் இருந்தும், பிரச்சினை என்று தெரியவர நேரம் போய்விட்டது.

எங்கள் நாட்டுக்கும் ஒரு கதை உண்டு. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது, ஜூன் மாதம் மூழ்கியது. அந்தக் கப்பலில் நைத்திரிக் அமிலம் இருந்தது, அது ஆபத்தான சரக்கு என்று பதிவில் இருந்தது. கூடவே ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் உருண்டைகளும் இருந்தன. அவை ஆபத்தான சரக்குப் பட்டியலில் இல்லை, சாதாரணச் சரக்கு. கடைசியில் நீர்கொழும்புக் கரையில் பனிபோலக் குவிந்து கிடந்ததும், மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் இருந்ததும், இன்றைக்கும் மணலைக் கிண்டினால் வருவதும் அந்தச் சாதாரணச் சரக்குத்தான்.

சுண்ணாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தது. சனத்துக்கு அது மூக்கால் தெரிந்தது, வாளியில் மிதக்கிற படையால் கண்ணுக்கும் தெரிந்தது. அப்படியிருந்தும் ஓர் அறிக்கை ஒன்று சொன்னது, இன்னோர் அறிக்கை வேறொன்று சொன்னது. சனம் உண்ணாவிரதம் இருந்தார்கள், பவுசர் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். 2019இல்தான் உயர்நீதிமன்றம் நிறுவனத்தை 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. கண்ணுக்குத் தெரிந்த எண்ணெய்க்கே இத்தனை வருடம் என்றால், நிறமும் மணமும் இல்லாத ஒன்றுக்கு நாங்கள் எத்தனை வருடம் காத்திருக்கப் போகிறோம்?

இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது ஒரு நண்பன் கேட்டான்: "சனம் வேலையில்லாமல் நிக்குது, டெங்கு வருது, கிணறு உவராகுது. இதுக்குள்ள நீ கிணத்துக்குள்ள மெற்ஃபோமின் தேடுறியோ?" நியாயமான கேள்வி. தண்ணீரில் இருக்கிற மருந்தின் அளவு மிகமிகச் சிறியது. ஒரு குவளை கிணற்றுத் தண்ணீர் குடித்து மெற்ஃபோமினால் யாரும் விழுந்து சாகப்போவதில்லை. பயம் காட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை.

ஆனால் அவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். குழியிலிருந்து கிணற்றுக்கு ஒரு பாதை இருக்கிறது என்பதற்கு எங்களிடம் பழைய சாட்சி உண்டு: நைத்திரேற்று. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற லீற்றருக்கு 50 மில்லிகிராம் அளவைத் தாண்டியிருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்லிவிட்டன. தோட்டத்துப் பசளையிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் வருவது அது. கைக்குழந்தைகளுக்குத்தான் அதிக ஆபத்து, இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்து உடம்பு நீலமாகலாம். அக்கா மகனுக்கு மா கரைக்கத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறா. கிருமிக்கு அது சரி. நைத்திரேற்று கொதித்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். நைத்திரேற்று வந்த பாதையால் மருந்தும் வரும். நாளைக்கு இன்னும் பெயர் வைக்காத ஒன்றும் அதே பாதையால் வரும். பாதையை அடைத்தால் பழையதும் நிற்கும், புதியதும் நிற்கும். ஒவ்வொரு மாசுக்கும் தனித்தனியாகப் பட்டியலில் பெயர் வரும்வரை காத்திருந்தால் எதுவும் நிற்காது.

ஐரோப்பாவில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். 2024இல் கழிவுநீர்ச் சட்டத்தைத் திருத்தி, பெரிய நகரங்களின் சுத்திகரிப்பு நிலையங்கள் மருந்து மிச்சங்களையும் பிரித்தெடுக்க வேண்டும் என்று கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தச் செலவில் குறைந்தது 80 வீதத்தை மருந்து நிறுவனங்களும் அழகுசாதன நிறுவனங்களும் கொடுக்கவேண்டும். நிறுவனங்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் போயிருக்கின்றன. நல்ல சட்டம். ஆனால் எங்களுக்குப் பொருந்தாது. அங்கே வீட்டுக் கழிவுநீரெல்லாம் குழாயால் ஓரிடத்துக்குப் போகிறது, அந்த வாயில் வடிகட்டி வைக்கலாம். எங்களிடம் வீட்டுக்கு வீடு ஒரு குழி. இலட்சம் குழிகளுக்கு வடிகட்டி வைக்க ஏலாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் போனதைத் திருப்பி எடுக்கவும் ஏலாது. ஆகவே எங்களுக்கு இருக்கிற ஒரே இடம், நிலத்துக்குள் போவதற்கு முந்தின இடம். அங்கே செய்யக்கூடியவை மூன்று.

முதலாவது, மருந்தைத் திருப்பி எடுக்கிற பெட்டி. பாவிக்காத மருந்தைச் சேகரிக்க ஒழுங்கு இருக்கவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2004லேயே சட்டத்தில் எழுதிவிட்டது. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. எங்கள் சனம் எப்படியும் மாதம் ஒருக்கா கிளினிக் கொப்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். மருந்து குடுக்கிற யன்னலுக்குப் பக்கத்தில் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி. ஆஸ்பத்திரி தன் சொந்த மருத்துவக் கழிவை அதிக வெப்பத்தில் எரிக்க அனுப்பும்போது இதையும் சேர்த்து அனுப்பலாம். அந்தச் செலவுக்கு இறக்குமதியாளர்களிடம் ஒரு சிறு கட்டணம் அறவிடலாம். அதைவிட முக்கியம், "வீட்டில மிச்சம் எவ்வளவு கிடக்கு அம்மா?" என்று அந்த யன்னலில் ஒரு கேள்வி. 2022இல் மருந்துக்கு நாடு தவித்தது எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வருடமும் எங்கள் அலுமாரிக்கு மேல் இந்தப் பை இருந்திருக்கிறது. யாருக்கோ தேவைப்பட்ட குளிசை திகதி முடியும்வரை எங்கள் வீட்டில் கிடந்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். பெட்டி வைத்தால் மிச்ச மருந்து மட்டும்தான் நிற்கும். குடித்த மருந்து உடம்பால் வெளியேறிக் குழிக்குள் போவதை அது தடுக்காது. அதற்குத்தான் இரண்டாவது: அடியில் திறந்த குழிகளை மூடிய தொட்டிகளாக மாற்றுவது. வீட்டுத்திட்டங்கள் வந்தபோது கூரைக்கும் சுவருக்கும் கணக்குப் பார்த்த அளவுக்குக் குழிக்குக் கணக்குப் பார்த்தோமா? புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு அனுமதி கொடுக்கும்போது பிரதேச சபை தூரத்தைக் கடதாசியில் மட்டும் பார்க்காமல் வளவுக்குள் வந்து பார்க்கவேண்டும். ஏற்கெனவே குழி உள்ள வீடுகளுக்கு, அதுவும் சின்னக் காணிக்காரர்களுக்கு, மானியம் இல்லாமல் இது நடக்காது. தொட்டியை இறைக்கிற பவுசர் அதை எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறது என்பதையும் கேட்கவேண்டும். இன்னொரு வயல்வெளியில் ஊற்றினால், மாசு இடம் மாறியதே தவிரக் குறையவில்லை.

மூன்றாவது, அளப்பது. அறுபது எழுபது மருந்துகளையும் தேடத் தேவையில்லை. காபமசெபின் தண்ணீரில் இலகுவில் உடையாது. அதனால்தான் பல நாடுகளில் மனிதக் கழிவுநீர் எங்கே கலக்கிறது என்று பிடிக்க அதை அடையாளமாகப் பாவிக்கிறார்கள். அதையும் கஃபீனையும் நைத்திரேற்றையும் சேர்த்து, தெரிந்தெடுத்த சில கிணறுகளில் வருடத்தில் இரண்டு தரம், மழைக்கு முன்னும் பின்னும் பார்த்தால் போதும். அதைச் செய்கிற விஞ்ஞான அறிவு எங்கள் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. முடிவை விளங்குகிற தமிழில் எழுதி, அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிற ஊருக்குச் சொல்கிற வேலையைக் கலைப்பீடத்துக்காரர் நாங்கள் செய்யலாம். ஆங்கில ஆய்வேடாக நூலகத்தில் கிடக்கிற கிணற்று அறிக்கையால் கிணற்றுக்காரருக்கு என்ன பயன்?

"சனம் திருந்தவேணும், விழிப்புணர்வு வேணும்" என்று முடிக்கிற கட்டுரைகள் எனக்குச் சலித்துவிட்டன. பக்கத்து வீட்டு அன்ரிக்கு விழிப்புணர்வு குறைவில்லை. டெங்குக்குச் சிரட்டை கவிழ்க்கிறா, பிளாஸ்டிக்கைத் தனியாகக் கட்டி வைக்கிறா. பெட்டி ஒன்று இருந்தால் முதல் ஆளாகக் கொண்டுபோய்ப் போடுவா. இல்லாத பெட்டிக்குள் எப்படிப் போடுவது?

பை இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. இப்போது பழைய பால்மா ரின்னுக்குள் போட்டு, மூடியைச் சுற்றி ரேப் ஒட்டி, மருமகனுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன். எரிக்கவில்லை, புதைக்கவில்லை, குழிக்குள் ஊற்றவும் இல்லை. அம்மா ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்து, "எப்ப பிள்ள இத எடுக்கப்போற?" என்று கேட்கிறா. அந்தக் கவர்களில் இருக்கிற "காலை 1, இரவு 1" அவவை வேறு மாதிரித் தொந்தரவு செய்கிறது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த கிளினிக் நாளில் நான் ஆஸ்பத்திரிக்குப் போய், அந்த யன்னலில் திரும்பவும் கேட்கப்போகிறேன். இந்த முறை வாயால் கேட்காமல், பொறுப்பானவருக்கு ஒரு கடிதம் எழுதி, பதிவு இலக்கமும் வாங்கிக்கொண்டு வருவதாக எண்ணம். உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலும் ஒரு பை இருக்கும். ஒருக்கா ஏறிப் பாருங்கள். இருந்தால், கொட்டவேண்டாம். நீங்களும் உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.